வால் எழுத்தைத் தூக்கிட்டுப் போன காக்கா

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தாராம். பஸ்ஸு இல்லாத கண்டக்டர்.

ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் வண்டி நகரும்.

பஸ்ஸு இல்லாம எப்படி கண்டக்டர்னு கேக்கியா? அவரு ரிட்டயர் ஆயிட்டாரு குட்டி. தென்காசிப் பக்கம் ஊரு. பேரு குத்தாலிங்கம். காலம்பூரா பஸ்ல தொங்கிக்கிட்டு "உள்ள போ, உள்ள போ, படில நிக்காத"ன்னு கத்தினவருல்ல, வீட்டோட இருந்தும் அந்தப் பழக்கம் போகலை. சட்டைப் பைல விசிலு கெடக்கும். சாப்பிட உக்காந்தா, சோறு போதும்னா ரெண்டு விசிலு. இல்ல, மாத்திச் சொல்லிட்டேன். ஒண்ணு அடிச்சா வண்டி நிக்கணும், ரெண்டு அடிச்சா வண்டி போகணும். அப்போ போதும்னா ஒண்ணு, இன்னும் போடுன்னா ரெண்டு. ஆங், அப்படித்தான்.

அவரு பொஞ்சாதி பேரு வடிவு. வடிவு வீட்ல இருந்தே ஒரு பிரஸ்ஸுக்கு டைப் அடிச்சுக் கொடுப்பா. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீசு, எல்லாம் கம்ப்யூட்டர்லதான். அவ அடிக்கிறதைப் பாக்கணுமே! கண்ணு தாள்ல இருக்கும், விரலு கீபோர்டுல ஓடும். சட சட சட சடன்னு மழை தகரத்துல விழுற மாதிரி. கீழ குனிஞ்சே பாக்க மாட்டா. அவ படிச்ச டைப் க்ளாஸ்ல பட்டனைக் குனிஞ்சு பாத்தா வாத்தியார் ஸ்கேலால புறங்கைல சுள்ளுன்னு ஒண்ணு போடுவாராம். அதுக்குப் பயந்து பயந்து, அந்தப் பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் அவ பாத்ததில்ல.

ம்.

அந்தக் கீபோர்டு இருக்கே, பழசு. கறுப்புக் கலரு. பிரஸ்காரர் புதுசு ஒண்ணு கொடுத்தாரு. "இது சத்தமே போட மாட்டேங்குது, ஊமை மாதிரி இருக்கு"ன்னு திருப்பிக் கொடுத்துட்டா. அவளுக்கு டொக்குன்னு அமுக்குனா டொக்குன்னு எந்திரிக்கணும். ஆனா அதுல அழுக்குன்னா அழுக்கு அப்படியொரு அழுக்கு! முறுக்கைக் கடிச்சுக்கிட்டே அடிப்பா. தேங்காயெண்ணெய் தேச்ச தலையைச் சொறிஞ்சுக்கிட்டே அடிப்பா. அது பத்தாதுன்னு நம்மாளு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அது மேல சந்தனத்தைக் கரைச்சுக் கெட்டியா அப்பிருவாரு. பொட்டு வைக்காராம்! அது பட்டன் சந்துல எறங்கி, காஞ்சு, இறுகி, இப்ப ஒரு பட்டனை அமுக்குனா அது எந்திரிக்க மாட்டேங்குது. நீ காலைல ஸ்கூலுக்கு எந்திரிக்க மாட்டேங்கியே, அந்த மாதிரி.

அப்போ ஆயுத பூஜை வந்துது. காலைல வடிவு பொரி, கடலை, பூ எல்லாம் வாங்க சந்தைக்குக் கிளம்புனா. கிளம்புறப்பவே சொன்னா.

"ஏங்க, அந்தக் கீபோர்டு கிட்ட போகாதீங்க. நாளைக்கு விஜயதசமி. காலைல மொத வேலையா ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பிரஸ்ல வந்து உக்காந்திருவாங்க. ஏற்கனவே ரெண்டு தடவை லேட்டாக்கிட்டேன். இந்தத் தடவையும் அந்தச் சவத்துப் பட்டன் ஒட்டிக்கிட்டு நின்னா, பிரஸ்காரர் வேலையை வேற ஆளுக்கு மாத்திருவேன்னுட்டாரு."

"நான் எதுக்குளா அதைத் தொடுதேன்?"

"சந்தனத்தைக் கண்டா உங்களுக்குக் கை நிக்காது. பொட்டு வைக்கச் சொன்னா காரை பூசுதீக. போன தீபாவளிக்கு மிக்சியை ரிப்பேர் பாத்தீகளே, ஞாபகம் இருக்கா? சுச்சைப் போட்டா வீட்ல ஃபேன் நிக்குது இன்னும்."

சொல்லிட்டுப் போயிட்டா. குத்தாலிங்கம் வாசல்ல நின்னு பாக்காரு. ரோட்ல ஒரு பஸ்ஸு போகுது. முன்னாடி ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, கண்ணாடில சந்தனம், மாலை, பாம் பாம்னு ஹாரன். வருஷா வருஷம் அவரு கையால கழுவித் தொடைச்சு பொட்டு வச்ச வண்டிதான். இந்த வருஷம் யாரோ வச்சிருக்காங்க. உள்ள வந்தாரு. வீட்டைச் சுத்திப் பாத்தாரு. நம்ம வீட்ல ஓடுற வண்டின்னு பாத்தா அவளோட கீபோர்டு ஒண்ணுதான். அதுவும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. கழுவாம பொட்டு வச்சதாலதான அவ திட்டுதா? கழுவிட்டு வச்சா? வந்து பாத்து அசந்து போயிர மாட்டாளா?

இப்படித்தான் எங்க சித்தப்பா ஒருத்தரு செவுத்துக் கடிகாரத்தைக் கழட்டினாரு. எண்ணெய் போட்டாரு, தொடைச்சாரு, திரும்ப மாட்டினாரு. கடைசில ஒரு ஸ்பிரிங்கு மட்டும் மிஞ்சிப் போச்சு. எங்க மாட்டுறதுன்னு தெரியாம அதைச் சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் கடிகாரம் சோறு திங்கிற நேரத்துல எல்லாம் மணி அடிக்கும். அடிச்சா நிக்காது. அது கெடக்கட்டும். எங்க விட்டேன்? ஆங், கீபோர்டு.

மொதல்ல ஒயரைப் புடுங்கினாரு. அப்புறம் கீபோர்டைக் கவுத்துப் புடிச்சு முதுகுல தட்டினாரு. டப் டப் டப். பொல பொல பொலன்னு கொட்டுது! முறுக்குத் தூளு, எள்ளு, ஓமம், ஒட்டுப் பொட்டு ஒண்ணு, சந்தனக் கட்டி. எங்கிருந்துதான் மோப்பம் புடிச்சுதோ, எறும்பு சாரை சாரையா வந்துருச்சு. சரி, சுத்தமாயிருச்சுன்னு ஒரு பட்டனை அமுக்கிப் பாத்தாரு. ம்ஹூம். எந்திரிக்கலை.

அப்புறம் ரெண்டாவதா சைக்கிள் பம்பை எடுத்துட்டு வந்தாரு. சந்துக்குள்ள மூக்கை விட்டு, புஸ்ஸ்... புஸ்ஸ்... புஸ்ஸ்ஸ்! மிச்சம் இருந்த அழுக்கு மொத்தமும் அவரு மூஞ்சில. அச்! அச்! தும்முன தும்முல மூக்குக் கண்ணாடி கட்டிலுக்கு அடில போயிருச்சு. பட்டனை அமுக்கினாரு. எந்திரிக்கலை.

தூங்கிட்டியா? ம் காணோமே. ஆங், சரி.

அப்புறம் மூணாவதா, ஒரு ஸ்பூனை எடுத்தாரு. காம்பைப் பட்டனுக்கு அடில விட்டு லேசா நெம்புனாரு. டொப்! தனியா வந்துருச்சு. அடில சந்தனம் அடை அடையா. "அட, இங்கல்ல இருக்கு விஷயம்!" டொப், டொப், டொப்னு இங்கிலீஷ் எழுத்து இருக்கிற பட்டனை எல்லாம் கழட்டி அரிசி களையுற சட்டில போட்டாரு. ஓரத்துல இருந்த பெரிய பெரிய பட்டன்ல எல்லாம் கை வைக்கலை. அதுல என்ன இருக்கோன்னு பயம். அப்புறம் சோப்புத் தூளைப் போட்டு சள சள சளன்னு அரிசி களைஞ்ச மாதிரி களைஞ்சாரு. ஒரு தண்ணி, ரெண்டு தண்ணி, மூணு தண்ணி. அடிப்பலகையைத் தண்ணில போடலை, அந்த மட்டும் அறிவு இருந்துச்சு. பழைய பல்லு விளக்குற பிரஷ்ஷால, ஈரம் படாமலே தேச்சு எடுத்துட்டாரு.

அப்போ பட்டனைக் காய வைக்கணுமே? மொறத்துல பரப்பி மொட்டை மாடிக்குக் கொண்டு போனாரு. அங்க பக்கத்து வீட்டு பகவதி கூழ்வத்தல் காயப் போட்டுக்கிட்டிருந்தா.

"என்ன அண்ணாச்சி, நீங்களும் வத்தல் போட்டிருக்கீக? கறுப்பால்ல இருக்கு?"

"இது வேற மாதிரி வத்தல்."

"உளுந்தா?"

"ம்ம்."

"எண்ணெய்ல போட்டா பொரியுமா?"

"இதைப் போட்டா என் தலைதான் பொரியும். நீ உன் வேலையைப் பாரு தாயி."

அவரு கீழ போய் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வந்தாரு. அதுக்குள்ள ஒரு காக்கா வந்துது. இந்தப் பக்கம் வெள்ளை வத்தல், அந்தப் பக்கம் கறுப்பு வத்தல். காக்காவுக்கு ஒரே குழப்பம். தலையை இப்படிச் சாய்ச்சுப் பாத்துது, அப்படிச் சாய்ச்சுப் பாத்துது. தினம் வெள்ளையத் திங்கோம், இன்னைக்குப் புதுசைத் தின்னு பாப்போம்னு நினைச்சுதோ என்னமோ, கறுப்புல ஒண்ணைக் கொத்திக்கிட்டு விர்ர்ர்ர்!

"ஏய்! ஏய்! நில்லு! நில்லு!"

விசிலை எடுத்து ஒண்ணு அடிச்சாரு. காக்கா பஸ்ஸா, நிக்கிறதுக்கு? புளிய மரத்து உச்சிக்குப் போயிருச்சு.

குத்தாலிங்கம் மிச்சத்தை அள்ளிட்டு கீழ வந்து உக்காந்தாரு. அடிப்பலகையைப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரி மொட்டை மொட்டையா நிக்குது. எது எங்க இருந்துச்சு? கண்ணை மூடி யோசிச்சாரு. தினம் பாத்த கீபோர்டுதான். ஒண்ணும் ஞாபகம் வரலை. நீ தினம் ஏறி எறங்குதியே நம்ம வீட்டுப் படி, எத்தனைன்னு கேட்டா முழிப்பேல்ல? அந்த மாதிரி.

ஜன்னல் வழியாக் கூப்பிட்டாரு. "ஏ பகவதி! A-வுக்கு அடுத்து என்ன?"

"என்ன அண்ணாச்சி சின்னப் புள்ளை மாதிரி கேக்கீக? B தான!"

"B-க்கு அடுத்து?"

"C. காலைல வெயில்ல நின்னீகளோ?"

அட, ஆமால்ல! எதையும் வரிசையாத்தான வைப்பாங்க? ஆலங்குளம் தாண்டித்தான அத்தியூத்து வரும். மாறியா வரும்? பஸ்ஸு ஸ்டாப்பு மாதிரி A, B, C, Dன்னு மேல் வரிசைல ஆரம்பிச்சு டொக், டொக், டொக்னு பொருத்திக்கிட்டே வந்தாரு. எல்லாம் அழகா உக்காந்துச்சு. P வச்சாரு. அடுத்தது Q. Q எங்க? மொறத்துல தேடுனாரு, சட்டில தேடுனாரு, மடியை உதறுனாரு. காணோம். அடப்பாவி காக்கா! அந்த வால் வச்ச எழுத்தையா தூக்கிட்டுப் போயிட்ட?

அதை விட்டுட்டு R-ல இருந்து Z வரைக்கும் மாட்டினாரு. நடு வரிசைல ஒரு பல்லு விழுந்த மாதிரி ஓட்டை. அப்போ கண்ணு தாயம் ஆடுற டப்பா மேல போச்சு. உள்ள புளியங்கொட்டை கெடக்கு. தாயம் போடுறதுக்கு ஒரு பக்கத்தைத் தரைல உரசி உரசி வெள்ளையாத் தட்டையாக்கி வச்சிருப்பாங்கல்ல, அது. அதுல நல்லதா ஒண்ணு எடுத்து, தட்டைப் பக்கம் பசை தடவி, அந்த ஓட்டைல கச்சிதமா ஒட்டிட்டாரு. கறுப்போட கறுப்பா மின்னுது. தூரத்துல பாத்தா தெரியாது. கிட்டப் பாத்தா தெரியும். கிட்டப் பாக்காம இருக்கணுமே கடவுளே!

அப்புறம் ஒயரைச் சொருகி, அமுக்கிப் பாத்தாரு. டொக்குன்னு போச்சு, டொக்குன்னு எந்திரிச்சுது. ஆகா! ஆனா திரையைப் பாத்தாரு பாரு, தூக்கி வாரிப் போட்டுச்சு. K-ன்னு எழுதியிருக்கிறதை அமுக்கினா திரைல ‘ய’ வந்து நிக்குது! அவ தமிழ் அடிக்கத்தான அதை வச்சிருக்கா, தமிழ்தான வரும்? இவருக்கு அது தோணலை. ஒரு நாளும் அதைத் தொட்டுப் பாத்தவரு இல்லையே! வேற ஒண்ணை அமுக்கினாரு. ‘ம’. இன்னொண்ணு. ‘ட’. புளியங்கொட்டையை அமுக்கினாரு. ‘த’ன்னு வருது!

"ஐயையோ! நான் கழுவின கழுவுல உள்ள இருந்த இங்கிலீஷ் எல்லாம் கரைஞ்சு போச்சே! அடில இருந்த தமிழ் மேல வந்துருச்சே! சரி, அது போகட்டும். இந்தப் புளியங்கொட்டைக்கு எப்படித் தமிழ் தெரியும்?"

சிரிக்காத, சிரிச்சா தூக்கம் போயிரும். பாவம் அவரு தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. மாட்டினதைப் பாத்தா வரிசை சரியாத்தான் இருக்கு. ஆனா தப்பாவும் இருக்கு. தப்பு எங்கன்னு கேட்டா அதுவும் தெரியலை.

கேட்டு கிரீச்னுச்சு. வடிவு வந்துட்டா! இவரு ஓடிப்போய்ப் பட்டுத் துண்டை எடுத்துக் கீபோர்டு மேல மூடி, சரஸ்வதி படத்துக்கு முன்னால கொண்டு வச்சு, துண்டு மேல ஒரு பொட்டும் வச்சுட்டாரு.

"ஏங்க, பொட்டைத் துணிக்கா வைப்பாங்க?"

"நீதான கீபோர்டுல வைக்காதன்ன?"

"சரி, அதை ஏன் மூடி வச்சிருக்கீக?"

"சாமிக்கு வச்சாச்சுன்னா மறுநா காலைல மறுபூஜை முடிஞ்சுதான் தொடணும். தெரியாதா உனக்கு?"

வடிவு அவரை மேலயும் கீழயும் பாத்தா. ஒருநாளும் இல்லாத திருநாளா மனுஷன் சாஸ்திரம் பேசுதாரேன்னு அவளுக்கு ஒரே குழப்பம். ஆனா பொரியும் சுண்டலும் வைக்கிற அவசரத்துல விட்டுட்டா. அவரு அன்னைக்குச் சுண்டலைக் கூடத் தொடலை.

கதை நீளுதா? நீளட்டும். விஜயதசமிக்கு வந்துட்டோம்.

காலைல சூடம் காட்டியாச்சு. மறுபூஜை முடிஞ்சுது. வடிவு துண்டோட கீபோர்டைத் தூக்கிட்டுப் போய் மேசைல வச்சு ஒயரைச் சொருகினா. அடிக்க வேண்டிய தாளை எதிர்ல நிமித்தி வச்சு, கண்ணை அதுல பதிச்சு, ஒரு கையால துண்டை உருவினா. குத்தாலிங்கம் கதவுக்குப் பின்னால நிக்காரு. விசிலு வாயில இருக்கு, மூச்சு வரலை. போச்சு, வேலை போச்சு, இனிமே வாழ்நாள் பூரா இதைச் சொல்லியே திட்டுவா.

வடிவு விரலை வச்சா. உடனே நெத்தி சுருங்குச்சு. விரலு தடவித் தடவித் தேடுது. நடு வரிசைல ரெண்டு பட்டன்ல மட்டும் சின்னதா ஒரு மேடு உண்டு, குட்டி. பாக்காம அடிக்கிறவங்களுக்கு அதுதான் அடையாளம். அதுல ஆள்காட்டி விரலு ரெண்டும் நின்னுச்சுன்னா மத்த விரலெல்லாம் தன்னால இடத்துக்குப் போயிரும். நம்மாளுதான் எல்லாத்தையும் மாத்தி வச்சுட்டாரே! எடது கை தேடுச்சு, மேட்டைக் காணோம். வலது கை தேடுச்சு, தேடுச்சு...

"ஆங், இங்க இருக்கு."

விரலு எது மேல நின்னுச்சு தெரியுமா? ம் சொல்லு. புளியங்கொட்டை மேல! அந்த மேடு இருக்க வேண்டிய அதே இடத்துலதான் அது உக்காந்திருக்கு. வலது கை நின்னதும் எடது கையும் தானாத் தன் இடத்துக்குப் போயிருச்சு. அப்புறம் என்ன? சட சட சட சட சட! ஒண்ணும் ஒட்டலை, ஒண்ணும் நிக்கலை. திரைல எழுத்து ஓடுது பாரு, அன்புடையீர், நிகழும் மங்களகரமானன்னு, ஒரு பிழை இல்லாம.

குத்தாலிங்கத்துக்கு இருந்த குழப்பம் போய், அதை விடப் பெரிய குழப்பம் வந்துருச்சு. இவரு அமுக்கினா கண்டபடி வருது, அவ அமுக்கினா கல்யாணப் பத்திரிகை வருது!

பத்திரிகை முடிஞ்சு, பிரஸ்ஸுக்கும் அனுப்பியாச்சு. வடிவு விரலைச் சொடக்கு எடுத்துக்கிட்டே, "என்னங்க இது, வெண்ணெய்ல அடிச்ச மாதிரி இருக்கு? ஒரு சிக்கல் இல்ல"ன்னா.

இவரால தாங்க முடியலை. வெளிய வந்து, "ஏளா, எப்படிளா அடிச்ச? அதுலதான் இங்கிலீஷ் எல்லாம் கரைஞ்சு போச்சே!"

"எது கரைஞ்சு போச்சு?"

அப்போதான் வடிவு, அந்த டைப் க்ளாஸுக்கு அப்புறம் மொத தடவையா, குனிஞ்சு கீழ பாத்தா. A, B, C, D, E... ஒண்ணாங்கிளாஸ் போர்டு மாதிரி வரிசையா நிக்குது. நடுவுல ஒரு புளியங்கொட்டை.

இவரு டக்குன்னு ஸ்டாப்பு பேரு சொல்ற மாதிரி எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டாரு. சட்டி, சோப்புத் தூளு, மொறம், பகவதி, காக்கா, தாயம். வடிவு கேட்டுக்கிட்டே இருந்தா. உதடு துடிச்சுது. அழப் போறான்னு இவரு நினைச்சாரு. அவ மேசைல தலையைச் சாய்ச்சுச் சிரிக்கா சிரிக்கா, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கா.

"மன்னிச்சிருளா. எல்லாத்தையும் புடுங்கி ஒழுங்கா மாட்டித் தாரேன்."

"கை வச்சீக, கொன்னுருவேன். எழுதியிருக்கிறதை யாரு பாக்கா? என் விரலுக்கு இடம்தான் தெரியும்."

"அப்போ அந்த எழுத்தெல்லாம் எதுக்குதான் இருக்கு?"

"உங்களை மாதிரி ஆளுங்களைக் குழப்புறதுக்கு!"

அப்போ மாடில கா கான்னு சத்தம். வடிவு அள்ளிக் கொடுத்த பொரியோட இவரு மேல போனாரு. கைப்பிடிச் செவுத்துல அந்தக் காக்கா நிக்குது. தின்னு பாத்திருக்கு, மெல்ல முடியலை, என்னடா வத்தல் இதுன்னு தூக்கிட்டு வந்து செவுத்து மேல போட்டுட்டு, இவரை முறைக்குது. இவரு பொரியைத் தூவிட்டு, Q-வை எடுத்துக்கிட்டுப் படில தட தட தடன்னு ஓடி வந்தாரு.

"வடிவு! வால் எழுத்து வந்துருச்சு! அந்தக் கொட்டையைப் புடுங்கிட்டு இதை வச்சிரலாம்!"

வடிவு கீபோர்டை ரெண்டு கையாலயும் மறைச்சுக்கிட்டா. "வேண்டாம். அது இருக்கட்டும். அதுல நின்னாத்தான் இனிமே எனக்குக் கை ஓடும்."

அப்புறம் அவளே சந்தனக் கிண்ணத்தை எடுத்துட்டு வந்து அவரு கையில கொடுத்தா. "ம், வைங்க உங்க வண்டிக்குப் பொட்டு. கொஞ்சூண்டு. கொட்டை மேல மட்டும்."

அவரு மோதிர விரல் நுனில எள்ளளவு சந்தனம் எடுத்து, புளியங்கொட்டை மேல ஒரு பொட்டு, அது மேல துளி குங்குமம். கண்ணு கலங்கிருச்சு. அந்த Q-வை நூல்ல கோத்து விசிலோட சேத்துக் கட்டிக்கிட்டாரு. வடிவு அடுத்த தாளை நிமித்தி வச்சு விரலை வச்சதும், பீப்! பீப்! ரெண்டு விசிலு. வண்டி கிளம்பிருச்சு. சட சட சட சட...

புளியங்கொட்டைக்கு எப்படித் தமிழ் தெரிஞ்சுதுன்னு மட்டும் அவருக்கு இன்னும் விளங்கலையாம்.

ம்? ம் காணோமே. சரி. பீப். ஒரு விசிலு அடிச்சாச்சு, கதை வண்டி டிப்போல நின்னாச்சு. எறங்கித் தூங்கு குட்டி.